ஒவ்வொரு வருடமும் புதுத் தலைப்பு எதற்கு?

இறுதி வருடப் பிள்ளைகளின் ஆய்வு ப்ரொபோசல்கள் மறுபடியும் மேசைக்கு வரத் தொடங்கிவிட்டன. சென்ற கிழமை வாசித்த கட்டில் பாதிக்கு மேல் ஒரே சாயல்தான்: இன்ன பிரதேச மக்களிடையே டெங்கு பற்றிய அறிவு, மனப்பாங்கு, நடைமுறை. டெங்குக்குப் பதில் நீரிழிவு, நீரிழிவுக்குப் பதில் எலிக்காய்ச்சல். மாதிரி அளவு, அதாவது கேள்வி கேட்கப்போகும் ஆட்களின் தொகை, 384. ஏன் 384 என்று கேட்டால் சூத்திரத்தைக் காட்டுகிறார்கள். 95 சதவீத நம்பிக்கை, 5 சதவீத வழு, எதிர்பார்க்கும் விகிதம் தெரியாததால் 50 சதவீதம். இந்த மூன்றையும் போட்டால் களுவாஞ்சிக்குடியிலும் 384, பொத்துவிலிலும் 384, உலகத்தில் எந்த ஊரிலும் 384 தான் வரும். அந்த இலக்கம் ஊரைப் பார்த்து வந்ததில்லை.

பிள்ளைகளில் எனக்குக் கோபமில்லை. ப்ரொபோசல் படிவத்தில் ‘இந்த ஆய்வின் புதுமை என்ன’ என்று ஒரு பெட்டி இருக்கிறது, அதை நிரப்பாமல் தாண்ட முடியாது. கையில் ஆறேழு மாதம், அதற்குள் பரீட்சை, சோதனைப் பொருட்களுக்குக் காசு சொற்பம். கேள்விக்கொத்து என்றால் போட்டோக் கொப்பிச் செலவோடு முடிந்துவிடும். புதுமைக்கு என்ன செய்வது? போன வருடம் ஆரையம்பதியில் செய்ததை இந்த வருடம் சம்மாந்துறையில் செய்வது, அதுதான் புதுமை. இப்படியே வருடத்துக்கு வருடம் போய்க்கொண்டிருக்கிறது.

நான் சொல்ல வருவது இதற்கு நேர்மாறான ஒன்று. உயிரியலிலும் சுகாதார விஞ்ஞானத்திலும் இளமாணி ஆய்வுக்கு இருக்கிற பெரிய பலமே அது வருடா வருடம் நடப்பதுதான். வெளிநாட்டு நிதியில் வருகிற திட்டம் இரண்டு மூன்று வருடத்தில் மூட்டை கட்டிவிடும். வந்தாறுமூலை, சம்மாந்துறைப் பல்கலைக்கழக வளாகங்களில் பட்ச் மாறினாலும் பிள்ளைகள் வந்துகொண்டேதான் இருப்பார்கள். 1981 இல் மட்டக்களப்பில் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியதிலிருந்து, அது 1986 இல் கிழக்குப் பல்கலைக்கழகமாகி இன்றுவரை, எத்தனை பட்ச் வாவிக் கரையில் இறங்கி ஏறியிருக்கும். அவர்கள் ஒரே சில இடங்களை, ஒரே முறையில், வருடம் தவறாமல் அளந்து வந்திருந்தால் இன்று நம் கையில் என்ன இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். போரும், 2004 சுனாமியும், 2011 ஜனவரி வெள்ளமும் அந்த அளவீட்டுக்குள்ளே பதிவாகியிருக்கும்.

ஒரு உதாரணத்தை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது எனக்கு மிகப் பிடித்த விஷயம்.

டெங்கு நுளம்பு சுத்தமான நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். சிரட்டை, டயர், பூச்சாடித் தட்டு. 2011 இல் இலங்கை ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். டெங்கைப் பரப்பும் ஈடிஸ் எஜிப்தை, ஈடிஸ் அல்பொபிக்டஸ் என்ற இரண்டு நுளம்பு இனங்களினதும் குடம்பிகள் கரையோரப் பகுதிகளில் உவர் கலந்த தண்ணீரிலும் வளர்கின்றன என்று அதில் காட்டினார்கள். கைவிடப்பட்ட மீன்பிடி வள்ளத்தில் தேங்கிய தண்ணீர், பாவிக்காத கிணறு, எறிந்துவிட்ட பிளாஸ்டிக், கண்ணாடிப் பாத்திரங்கள். அவற்றில் உப்பு ஆயிரத்துக்கு 2 முதல் 15 பங்கு வரை. கடல் நீர் ஏறக்குறைய 35. அதாவது கடலில் பாதிக்குச் சற்றுக் குறைந்த உப்பிலும் குடம்பி இருந்திருக்கிறது.

இதை வாசித்துவிட்டு மட்டக்களப்பில் நாவலடிப் பக்கமோ பாலமீன்மடுப் பக்கமோ ஒரு நடை போய்ப் பாருங்கள். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் மணல், மணலில் வீடு, வீட்டுக்குப் பின்னால் குடிக்க உதவாத கிணறு. சுனாமிக்குப் பிறகு விட்டுப்போன வளவுகளில் கிணறு மட்டும் அப்படியே நிற்கிறது. மாரியில் மழைத் தண்ணீர் இறங்கி உப்புக் குறைகிறது, வெயில் ஏற ஏற உப்புக் கூடுகிறது. வாவியும் அப்படித்தான். வெள்ளம் கட்டி முகத்துவாரத்தை வெட்டிவிட்டால் ஒரு கணக்கு, மண் மூடிக் கிடந்தால் வேறொரு கணக்கு. அப்படியென்றால் எந்த மாதத்தில், எவ்வளவு உப்பில், எந்த நுளம்பு? கேட்பதற்கு எளிய கேள்வி. ஒரு தடவை போய் அளந்தவரால் இதற்குப் பதில் சொல்ல முடியாது, தொடர்ந்து போனவரால்தான் முடியும்.

செலவு என்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. நீண்ட பிடி போட்ட அகப்பை ஒன்று, வெள்ளைத் தட்டு, துளிசொட்டி, கையடக்க ரிஃப்ரக்டோமீட்டர். கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு மூடி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் நீலமும் வெள்ளையும் சந்திக்கிற கோட்டில் உப்பின் அளவு தெரியும். தட்டில் ஊற்றிய தண்ணீரில் குடம்பி எப்படி நிற்கிறது என்பதைப் பார்த்தே பாதி சொல்லிவிடலாம். நீர்மட்டத்துக்குச் சமாந்தரமாகப் படுத்திருந்தால் அனோபிலிஸ், அதற்குச் சுவாசக் குழாய் கிடையாது. தலைகீழாகச் சரிந்து தொங்கினால் கியூலெக்ஸ் அல்லது ஈடிஸ், குழாய் நீளமென்றால் கியூலெக்ஸ், கட்டையென்றால் பெரும்பாலும் ஈடிஸ். பிறகு நுணுக்குக்காட்டி. வயிற்றின் எட்டாம் துண்டத்தின் ஓரத்தில் ஒரு வரிசைச் செதில்கள் இருக்கும். எஜிப்தை என்றால் ஒவ்வொரு செதிலிலும் நடுமுள்ளின் இரண்டு பக்கமும் கூரான பக்கமுட்கள், குட்டித் திரிசூலம் மாதிரி. அல்பொபிக்டஸில் அந்தப் பக்கமுட்கள் இல்லாமல் நடுமுள் மட்டும் தெரியும். முதல் தடவை இந்த வேறுபாட்டைத் தானாகக் கண்டுபிடித்த ஒரு பிள்ளை கதிரையை விட்டு எழும்பி மற்றவர்களைக் கூப்பிட்டுக் காட்டியதைப் பார்த்திருக்கிறேன். எந்தக் கேள்விக்கொத்தும் அந்தச் சந்தோசத்தைத் தராது.

தொடர்ந்து பார்ப்பதன் மதிப்புக்கு மன்னாரைச் சொல்லலாம். 2012 ஒக்டோபருக்குப் பிறகு நாட்டுக்குள் தொற்றிய மலேரியா இல்லாததால் 2016 செப்டெம்பரில் உலக சுகாதார அமைப்பு இலங்கைக்கு மலேரியா அற்ற நாடு என்ற சான்றைக் கொடுத்தது. அந்த வருடம் முடிவதற்குள் மன்னாரில் கிணறுகளில் அனோபிலிஸ் ஸ்டீபென்சை என்ற, இலங்கையில் அதுவரை பதிவாகாத மலேரியா நுளம்பு அகப்பட்டது. யாரும் புதுமை தேடிப் போகவில்லை. வழமையான பூச்சியியல் கண்காணிப்பில் அகப்பட்டது. நோய் போய்விட்டது, இனி என்ன என்று அகப்பையைக் கழுவி வைத்திருந்தால் அது வந்து குடியேறியது தெரியவே வந்திருக்காது.

சரி, வெறுமனே பார்த்து எழுதுவது ஆய்வா, அதில் என்ன கண்டுபிடிப்பு என்று கேட்பவர்களுக்கு லங்கர்ஹான்ஸை நினைவுபடுத்துவேன். 1869 இல் பெர்லினில் 21 வயது மாணவரான போல் லங்கர்ஹான்ஸ் தன் பட்ட ஆய்வில் சதையியை நுணுக்குக்காட்டியில் பார்த்து, மற்றக் கலங்களிலிருந்து வேறுபட்ட சின்னச் சின்னக் கலக்கூட்டங்கள் அங்கங்கே இருப்பதை விவரித்தார். அவை என்ன செய்கின்றன என்று தனக்குத் தெரியாது என்றே எழுதி வைத்தார். ஏறக்குறைய கால் நூற்றாண்டு கழித்துத்தான் அவற்றுக்கு அவருடைய பெயர் வந்தது. நீரிழிவுக்குக் கொடுக்கிற இன்சுலின் சுரப்பது அந்தக் கலக்கூட்டங்களில்தான். 1921 இல் டொரொன்டோவில் அதைப் பிரித்தெடுக்கத் தொடங்கியபோது வைத்தியர் பான்டிங்கோடு மேசையில் நின்றவர், அப்போதுதான் பட்டப்படிப்பை முடித்திருந்த 22 வயது சார்ள்ஸ் பெஸ்ட். லங்கர்ஹான்ஸின் விவரிப்பு சரியாக இருந்தது, அச்சில் இருந்தது, தேடியவர் கையில் கிடைத்தது. ஒரு இளமாணி ஆய்வுக்கு இந்த மூன்றும் போதும்.

நம்மிடம் இடறுவது மூன்றாவதில்தான். தீசிஸ் கட்டி, தங்க எழுத்து அடித்து, ஒன்று நூலகத்துக்கு, ஒன்று சுப்பர்வைசருக்கு. அதில் சராசரியும் வரைபடமும் இருக்கும், மூலத் தரவு இருக்காது. அது பிள்ளையின் மடிக்கணினியோடு போய்விடுகிறது. ஓரிடத்தில் பழைய தீசிஸ்கள் அடுக்கிய அலுமாரிக்குள் மழைத் தண்ணீர் இறங்கி, பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்ததைக் கண்டிருக்கிறேன். யாரோ ஒரு பிள்ளை வெயிலில் நின்று எண்ணிய எண்ணிக்கை அது. யாருக்கும் அது பெரிய விடயமாகப் படவில்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமையாக இருந்தது.

இன்னொரு கையளிப்பும் இருக்கிறது, ஊருக்கு. எங்கள் பிள்ளைகள் ஒரு வளவில் தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்தபோது வீட்டுக்கார அம்மம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, “இதுக்கு முதலும் ஆக்கள் வந்து அள்ளிக்கொண்டு போனவங்கதான், ஒருத்தரும் திரும்பி வரல்ல. நீங்களாவது மறுகா வந்து என்ன இருந்த எண்டு சொல்லணும் மகள்” என்றார். அவர் கேட்டது உதவியில்லை, உரிமை. 1964 இல் முதன்முதல் ஏற்கப்பட்டு இன்றுவரை திருத்தப்பட்டு வருகிற, மருத்துவ ஆய்வுக்கான ஒழுக்க நெறிகளைச் சொல்லும் ஹெல்சிங்கி பிரகடனத்திலேயே, மருத்துவ ஆய்வில் பங்குபற்றியவர்களுக்கு அதன் பொதுவான முடிவுகளை அறிந்துகொள்ளும் வாய்ப்பைக் கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. நுளம்புக் குடம்பிக்கு அது பொருந்துமா என்று சட்டம் பேச வேண்டாம். அவருடைய கிணறு, அவருடைய பேரப்பிள்ளை. ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி, கிணற்றில் என்ன கண்டோம், வலை போடலாமா, மீன்குஞ்சு விடலாமா, அந்தப் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டு என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தால் முடிந்தது. தீசிஸ் ஆங்கிலத்தில் இருந்துவிட்டுப் போகட்டும், இந்த ஒரு பக்கம் மட்டும் தமிழில் இல்லாமல் ஆய்வை முடிக்க விடக்கூடாது என்பது என் பிடிவாதம்.

கேள்விக்கொத்தே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அம்பாறைப் பக்கம், படுவான்கரைப் பக்கம் வயலில் இறங்குகிறவர்களுக்கு எலிக்காய்ச்சல் வராமலிருக்க டொக்சிசைக்கிளின் மாத்திரை கொடுக்கிறார்கள், கிழமைக்கு ஒரு தடவை 200 மில்லிகிராம். எலிக்காய்ச்சல் எதனால் வருகிறது என்று அவர்களிடம் கேட்பதில் பெரிய பயனில்லை, எலி என்று பெயரிலேயே இருக்கிறது, எல்லோரும் சரியாகச் சொல்வார்கள். வாங்கிய மாத்திரையை எத்தனை கிழமை போட்டீர்கள், எந்தக் கிழமையில் விட்டீர்கள், ஏன் விட்டீர்கள், வயிறு எரிந்ததா, வேலை முடிந்ததா, மாத்திரை முடிந்ததா என்று கேளுங்கள். பெரும்போகத்தில் கேட்டதைச் சிறுபோகத்திலும் கேளுங்கள். அடுத்த பட்ச் அதே கண்டத்தில் அதே கேள்விகளைக் கேட்கட்டும். அப்போது மாத்திரை கொடுக்கிறவர்களுக்கும் அது உதவும்.

சுப்பர்வைசர்களிடமும் ஒரு வார்த்தை. திருப்பிச் செய்த ஆய்வை ‘கொப்பி’ என்று ஒதுக்காதீர்கள். போன வருடப் பிள்ளை கண்டதை இந்த வருடப் பிள்ளை அதே முறையில் காணவில்லை என்றால் அதுவே ஒரு முடிவு, பெறுமதியான முடிவு. குடம்பி ஒன்றுகூட இல்லாத கிணறும் தரவுதான், உப்பின் அளவோடு எழுதி வைத்தால்.

இந்த வருடம் எங்களிடம் இரண்டு பிள்ளைகள் முன்பு ஒரு பட்ச் பார்த்த கரையோரக் கிணறுகளுக்கே மறுபடியும் போகச் சம்மதித்திருக்கிறார்கள். மாரிக்கு முன் ஒரு சுற்று, மழை விட்டதும் ஒரு சுற்று, வெயில் ஏறிய பிறகு ஒரு சுற்று. படிவத்தில் திகதி, இடம், உப்பு, தண்ணீரின் வெப்பம், கடைசியாக மழை பெய்த நாள், எத்தனை அகப்பை அள்ளினோம், எத்தனை குடம்பி, என்ன இனம். வீட்டுக்காரர் பெயர் தரவில் இருக்காது, கிணற்றுக்கு இலக்கம் மட்டும். முடிந்ததும் மூலத் தரவு துறையில் ஒன்று, நூலகத்தில் ஒன்று, அடுத்த பட்சின் கையில் ஒன்று.

கல்லடி முதல் பொத்துவில் வரை எந்த வருடத்திலாவது நுளம்புக் குடம்பியோ, கிணற்று உப்போ, வாவித் தண்ணீரோ அளந்த பழைய மாணவர்கள் இதை வாசித்தால், வீட்டில் அந்தக் கொப்பி இன்னும் கிடக்கிறதா என்று ஒருக்கால் தேடிப் பாருங்கள். கையெழுத்தில் இருந்தாலும் பரவாயில்லை, பக்கங்களைப் படம் எடுத்து அனுப்புங்கள், தட்டச்சு செய்ய இங்கே பிள்ளைகள் இருக்கிறார்கள். எந்த இடம், எந்த மாதம், எதால் அளந்தீர்கள் என்ற மூன்றையும் மறக்காமல் சேர்த்து எழுதிவிடுங்கள்.