பட்டாணி வராத இரவுகள்

பூனை வளர்க்கும் வீட்டில் இரவு பத்து மணிக்கு மேல் யாரேனும் ஒருவருடைய காது வாசலிலேயே இருக்கும். எங்கள் வீட்டில் அது என்னுடைய காது. எல்லோரும் படுத்து விளக்குகள் அணைந்த பிறகும், சமையலறை ஓரத்தில் எங்கள் பூனை பட்டாணிக்கென்று வைத்த தட்டு தொடப்படாமல் இருக்கிறது என்ற நினைவு உறக்கத்தைக் கிட்ட வரவிடாது. மாடியில் ஏதேனும் உருண்டால் எழுந்து உட்காருகிறேன். தெருக்கோடியில் நாய்கள் சேர்ந்து குரைத்தால் மனம் பதறுகிறது. ஒரு லாரி சட்டென்று வேகம் குறைத்தால்கூட அதற்கு ஒரு காரணத்தைக் கற்பிக்கத் தொடங்கிவிடுகிறேன். வெளியூர் போன பிள்ளை வரத் தாமதமானால் தொலைபேசியில் கேட்டுவிடலாம்; பூனை எங்கே போயிருக்கிறது, எப்போது திரும்பும் என்று விசாரிக்க ஒரு வழியும் கிடையாது.

நாங்கள் குடியிருப்பது ஸ்ரீரங்கத்தில், அடையவளஞ்சான் வீதியை ஒட்டிய ஒரு பழைய தெருவில். இங்குள்ள பழைய வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டிக் கட்டப்பட்டவை. முன்னால் திண்ணை, அடுத்து ரேழி, கூடம், முற்றம், கடைசியில் கிணற்றோடு கூடிய கொல்லை என்று நீளவாக்கில் போகின்றவை. அவற்றில் சில இடிக்கப்பட்டு அடுக்குமாடிக் குடியிருப்புகளாகிவிட்டன என்றாலும், ஓட்டுக் கூரையும் மொட்டை மாடியும் மதிலுமாகத் தெருவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை தரையில் கால் வைக்காமலேயே ஒரு பூனையால் நடந்துவிட முடியும். முற்றத்துத் தூணைப் பற்றி ஏறி, ஓட்டின் மேல் ஓரிரு அடி சத்தம் கேட்டால், பட்டாணி புறப்பட்டுவிட்டான் என்று பொருள். அதன் பிறகு அவன் எந்த வீட்டுக் கொல்லையில் இறங்குகிறான் என்பது அவனுக்கு மட்டுமே தெரிந்த செய்தி. பகலில் இது எனக்கு ஒரு பொருட்டாகவே தோன்றுவதில்லை. விளக்கு வைக்கும் நேரத்தில் போனவன் படுக்கும் நேரத்துக்குள் திரும்பாவிட்டால்தான் அச்சம் தொடங்குகிறது.

"பூனைதானேம்மா, வயிறு காய்ந்தால் தானாக வந்துவிடும்" என்று பக்கத்து வீட்டு மாமி ஒவ்வொரு முறையும் சொல்வார். ஆறுதலாகத்தான் சொல்கிறார், பெரும்பாலான இரவுகளில் அவர் சொல்வதே நடந்தும் இருக்கிறது. ஆனாலும் அந்தப் 'பூனைதானே' என்ற சொல்லை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. கையளவுக் குட்டியாக வந்த நாள் முதல் என் காலடியில் படுத்து வளர்ந்த உயிர் அது. நாய் காணாமல் போனால் தெருவே சேர்ந்து தேடுகிறது. பூனை காணாமல் போனால், அதன் இயல்பே அதுதான் என்று சொல்லிவிட்டு எல்லோரும் உள்ளே போய்விடுகிறார்கள். சுற்றித் திரிவது அதன் இயல்பு என்பது உண்மை. ஆனால் ஆபத்து வரும்போது அந்த இயல்பு அதைக் காப்பாற்றாது.

அந்த இயல்பைப் புரிந்துகொள்வது என் பதற்றத்தை ஓரளவு குறைத்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். பூனை நள்ளிரவு விலங்கு என்பதைவிட அந்தியும் விடியலும் கூடும் நேரத்தின் விலங்கு என்பதே சரி. எலிகள் நடமாடும் நேரங்களும் அவையே. நமக்குத் தேவைப்படும் வெளிச்சத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு இருந்தாலே பூனைக்குக் கண் தெரிந்துவிடும். விழித்திரைக்குப் பின்னால் உள்ள ஒரு படலம் உள்ளே வந்த ஒளியைத் திருப்பி அனுப்பி, அதே ஒளியை இரண்டாம் முறை பயன்படுத்திக்கொள்ள வைக்கிறது. இருட்டில் பூனையின் கண்கள் மின்னுவதும் அதனால்தான். ஆகவே நாம் கதவைத் தாழிடும் நேரத்தில் வெளியே இருக்கும் பூனை வழி தெரியாமல் தவித்துக்கொண்டிருப்பதில்லை.

2020-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், ஆறு நாடுகளைச் சேர்ந்த 925 வளர்ப்புப் பூனைகளுக்கு ஜி.பி.எஸ். கருவி பொருத்தி அவற்றின் நடமாட்டத்தைப் பதிவு செய்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை வீட்டிலிருந்து 100 மீட்டருக்குள்ளேயே பொழுதைக் கழித்தன. இதைப் படித்த நாளில் எனக்கு உண்டான நிம்மதி பெரியது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட இந்தத் தீவு முழுவதையும் மனத்தில் சுற்றிக்கொண்டிருந்த எனக்கு, தேட வேண்டிய பரப்பு எங்கள் தெருவும் அதன் முதுகுப்புறத் தெருவும்தான் என்று தெரிந்தது.

கருத்தடை செய்யப்படாத ஆண் பூனையின் கதை மட்டும் வேறு. பெண் பூனை பருவத்துக்கு வந்தால் அதன் குரலும் வாடையும் வெகுதூரம் எட்டும். இணை சேராவிட்டால் சில வார இடைவெளியில் அந்தப் பருவம் மீண்டும் மீண்டும் வரும். பகல் பொழுது நீளும் காலத்தில் மட்டும் இனம் பெருக்கும் குளிர்நாட்டுப் பூனைகளைப் போலன்றி, நம் பக்கத்தில் ஏறத்தாழ ஆண்டு முழுவதும் இது நிகழ்கிறது. பட்டாணி மஞ்சள் பூனை. அந்த நிறப் பூனைகளில் பெரும்பாலானவை ஆண்களாகவே இருக்கும், இவனும் ஆண். வயது வந்த அந்த மழைக்காலத்தில் அவன் இரவு இரவாக வீட்டுக்கு வராமல் இருந்ததும், வந்த காலைகளில் காது கிழிந்தும் மூக்கில் கீறலோடும் வந்து நின்றதும் நான் மறக்கக்கூடியவை அல்ல.

என் அச்சத்தில் முதலிடம் வாகனத்துக்கோ நாய்க்கோ அல்ல. அவற்றைப் பூனையும் அறியும். ஒரு மதிலோ முருங்கை மரமோ பக்கத்தில் இருந்தால் தப்பிவிடும். எலி மருந்தைத்தான் நான் பெரிதும் அஞ்சுகிறேன். பூனை அதை நேராகத் தின்ன வேண்டும் என்பதில்லை. மருந்து தின்று தள்ளாடும் எலி எளிதில் பிடிபடும், அதைத் தின்றால் போதும். நம் கடைகளில் கிடைக்கும் எலி மருந்துகளில் ஒரு வகை, இரத்தம் உறையும் தன்மையைக் கெடுப்பது. அதன் விளைவு உடனே தெரியாது. சில நாள் கழித்தே பூனை சோர்ந்து, ஈறு வெளுத்து, மூச்சு வாங்கத் தொடங்கும். அந்த நிலைக்கு முன்பே மருத்துவரிடம் கொண்டு போனால் வைட்டமின் கே கொடுத்துக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு. ஜிங்க் பாஸ்பைடு கலந்த மருந்து அப்படிக் காத்திருக்காது. வயிற்றில் நச்சு வாயுவாக மாறிச் சில மணி நேரத்தில் உயிரைக் குடித்துவிடும், அதற்கு மாற்று மருந்தும் இல்லை. எலித் தொல்லை இல்லாத வீடு எங்கள் தெருவில் கிடையாது. ஆகவே மருந்து வைப்பதற்கு முன் ஒரு சொல் சொல்லுங்கள் என்று அக்கம்பக்கத்தாரைக் கேட்டு வைத்திருக்கிறேன். சிலர் அதற்குப் பதிலாக எலிப்பொறி வைக்கத் தொடங்கியிருக்கிறார்கள் என்பதை நன்றியோடு குறிப்பிட வேண்டும்.

கொல்லைக் கிணறுகள் இன்னொரு கவலை. புழக்கத்தில் இல்லாத பல கிணறுகளின் மேல் வலை இல்லை, மதில் தாண்டும்போது கால் தவறினால் உள்ளேதான். பூனை நீந்தும், ஆனால் வழுக்கும் சுவரில் அதனால் ஏற முடியாது. எங்கள் கிணற்றுக்கு இரும்பு வலை போட்டதோடு, ஒரு மூங்கில் கூடையும் நீளக் கயிறும் எப்போதும் பக்கத்தில் இருக்கின்றன. கூடையை இறக்கிப் பொறுமையாகக் காத்திருந்தால் களைத்த பூனை தானே பற்றி ஏறிக்கொள்ளும்.

இனித் தேடுவதைப் பற்றி. வராத பூனையைத் தேடி வண்டியை எடுத்துக்கொண்டு தொலைவில் அலைவதில் பயன் குறைவு. 2018-இல் வெளியான ஓர் ஆய்வு, தொலைந்துபோன 1,210 பூனைகளின் விவரங்களைத் திரட்டியது. கிடைத்த பூனைகளில் முக்கால் பங்கு, புறப்பட்ட இடத்திலிருந்து 500 மீட்டருக்குள்ளேயே கண்டுபிடிக்கப்பட்டன. மூன்றில் ஒரு பங்குப் பூனைகள் முதல் ஏழு நாளுக்குள் திரும்பக் கிடைத்தன. உட்கார்ந்து காத்திருப்பதைவிடக் காலால் நடந்து தேடுவதே உயிரோடு மீட்கும் வாய்ப்பைக் கூட்டியது. இதில் நாம் மனத்தில் கொள்ள வேண்டிய ஒன்று உண்டு. அடிபட்ட பூனையும் மிரண்ட பூனையும் நம் குரல் கேட்டாலும் பதில் தராது. தெரிந்த குரல்தானே, ஓடி வரும் என்று எதிர்பார்த்து, வராததால் அந்த இடத்தில் இல்லை என்று முடிவு செய்துவிடுகிறோம். அது சில அடி தூரத்தில், படிக்கட்டுக்குக் கீழேயோ விறகுக் குவியலுக்குள்ளோ மூச்சடக்கிப் படுத்திருக்கும்.

ஆகவே நான் கூப்பிடுவதோடு நிறுத்துவதில்லை. போக்குவரத்து ஓய்ந்து, கோயிலுக்குப் போகிறவர்களின் நடமாட்டம் தொடங்காத அந்தப் பின்னிரவில், டார்ச் விளக்கைக் கண்மட்டத்தில் பிடித்து, நிறுத்தியிருக்கும் வண்டிகளின் அடியிலும் சாக்கடை ஓரத்திலும் ஓட்டு இறவாரத்திலும் தாழ்வாக ஒளியைச் செலுத்திக்கொண்டே நடந்தால், மறைந்திருக்கும் பூனையின் கண்கள் காட்டிக் கொடுத்துவிடும். நெத்திலிக் கருவாட்டை லேசாக வாட்டி மொட்டை மாடியில் வைத்தால் வாடை காற்றில் போகும். விடிந்த பிறகு காகங்களைக் கவனிக்க வேண்டும். ஓரிடத்தில் அவை கூடி நின்று விடாமல் கரைந்தால், அணில்களும் சேர்ந்து கத்தினால், அங்கே பெரும்பாலும் ஒரு பூனை இருக்கும். நான் பட்டாணியைக் கண்டுபிடித்ததில் காகங்களுக்கு நிறையவே பங்கு உண்டு.

ஒரு மார்கழியில் அவன் இரவு முழுவதும் வரவில்லை. மறுநாள் பகலும் வரவில்லை. வைகுண்ட ஏகாதசிக்காக ஊர் நிறைந்திருந்த நேரம் அது. தெருவெங்கும் வெளியூர் வண்டிகள் நின்றிருந்தன. இன்ஜின் சூட்டுக்காகப் பூனைகள் வண்டிக்குள் ஏறிப் படுப்பது உண்டு என்பதால், ஏதேனும் ஒரு காரோடு எங்கோ போய்விட்டானோ என்ற நினைவு வந்து, அதற்கு மேல் எதையும் சாப்பிட முடியவில்லை. அன்று என் தம்பிதான், நேற்று மாலையிலிருந்து எந்தெந்த வீட்டைப் பூட்டிக்கொண்டு போனார்கள் என்று கேட்டான். எதிர் வரிசையில் ஒரு வீட்டார் சென்னைக்குப் புறப்பட்டிருந்தார்கள். தொலைபேசியில் கேட்டு, அவர்களுடைய உறவினரிடமிருந்து சாவி வாங்கி, மாடியிலிருந்த பழைய சாமான் அறையைத் திறந்தபோது, பட்டாணி ஒரு மெத்தைச் சுருளின் மேலிருந்து இறங்கி வந்தான். கதவுக்கு இந்தப் பக்கம் நாங்கள் எத்தனையோ முறை அவன் பெயரைச் சொல்லிக்கொண்டு நடந்திருக்கிறோம்; ஒரு சிறு முனகல்கூட வரவில்லை. அன்று முதல், பூனையைக் காணவில்லை என்று யார் சொன்னாலும் நான் முதலில் கேட்கும் கேள்வி, பக்கத்தில் யார் வீட்டைப் பூட்டிக்கொண்டு போனார்கள் என்பதுதான்.

அந்த மாதம் முடிவதற்குள் கருத்தடை செய்துவிட்டோம். உடலில் உள்ள ஹார்மோன் அடங்கச் சில வாரங்கள் ஆகும் என்று மருத்துவர் சொன்னபடியே, மெல்ல மெல்லத் தொலைவுப் பயணங்கள் குறைந்தன. மற்ற ஆண் பூனைகளோடு சண்டையும் குறைந்தது. ஆண் பூனைக்கு எதற்கு இந்தச் சிகிச்சை, குட்டி போடப் போவது அது இல்லையே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இரவில் அது வீட்டில் இருக்க வேண்டும் என்று விரும்பினால் இதைவிட உறுதியான வழி எனக்குத் தெரியவில்லை. இரவு உணவை அந்தி சாயும் முன்பு வைக்காமல், கதவடைக்கும் நேரத்தில் மட்டுமே வைப்பது இரண்டாவது வழி. பசியோடு போன பூனை அந்த நேரத்தை விரைவில் பழகிக்கொள்ளும். முற்றத்தின் மேல் கம்பி வலையும் போட்டுவிட்டோம். வெளியே விடாமல் அடைப்பது கொடுமை என்று சிலர் வருந்துகிறார்கள். பகலில் அவனுக்கு மாடியும் கூரையும் இருக்கின்றன; இரவில் மட்டும் வீட்டில் இருக்கட்டும் என்பதில் எனக்குத் தயக்கம் இல்லை.

இத்தனைக்குப் பிறகும் ஏதோ ஓர் இரவில் கதவடைக்கும் நேரத்தில் அவன் வெளியே இருந்துவிடுகிறான். அப்படி வெளியே தங்கித் திரும்பிய பூனையைத் திட்டவோ அடிக்கவோ கூடாது. திரும்பி வந்ததற்கே தண்டனை என்றுதான் அது புரிந்துகொள்ளும். முதலில் தண்ணீரும் கொஞ்சம் உணவும். பிறகு கழுத்து, முன்னங்கால், வாலடி ஆகிய இடங்களில் விரலால் மெதுவாகத் தடவிப் பார்க்கிறேன், ஏனென்றால் பூனைப் பல்லின் கடி ஊசி குத்தியதைப் போல வெளியே சிறிதாக மூடிக்கொண்டு, உள்ளே சீழ் கட்டி, சில நாள் கழித்துத்தான் வீங்கித் தெரியும். வலிக்குமே என்று நாம் விழுங்கும் பாரசிட்டமால் மாத்திரையைக் கொடுத்துவிடக் கூடாது. பூனைக்கு அது உயிர்க்கொல்லி. தடவும்போது அது நம்மைக் கீறினாலோ கடித்தாலோ, சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, பூனைக்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருந்தாலும் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். பட்டாணியின் தடுப்பூசி அட்டையை மருந்து டப்பாவிலேயே வைத்திருக்கிறேன். இந்த ஆண்டு ஊசி போட வேண்டிய தேதி அடுத்த மாதம் வருகிறது.