முதல் பீஸில் யார் கையெழுத்து?

பெங்களூரின் பீன்யா தொழிற்பேட்டையில் நான் ஷிப்ட் சூப்பர்வைசராக இருக்கும் பட்டறையில் ஒரு அண்ணன் இருக்கிறார். சொந்த ஊர் திருவண்ணாமலைப் பக்கம். 18 வருஷமாக லேத் என்கிற கடைசல் மிஷினில் நிற்கிறார். மற்றதை ஓட்டுவதற்கு முன் சரிபார்க்க எடுக்கும் முதல் பீஸை அவர் அளப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஷாஃப்ட்டைக் கழற்றி, கூலன்ட் போக வேஸ்ட் துணியால் துடைப்பார். உடனே அளக்க மாட்டார். சூட்டோடு அளந்தால் அளவு கூடத்தான் காட்டும், அதனால் ஆறும்வரை மேஜைமேல் வைப்பார். அப்புறம் மைக்ரோமீட்டரின் ராட்செட்டை மெதுவாகத் திருகி, 'டிக் டிக்' என்று கேட்டதும் நிறுத்துவார். இப்படி நாலு இடத்தில். 25 மில்லிமீட்டர் விட்டத்தில் 20 மைக்ரான், அதாவது 0.02 மில்லிமீட்டர்தான் முன்பின் இருக்கலாம். திருப்தி ஆனால் அட்டையில் கையெழுத்துப் போட்டுவிட்டு மிஷினை ஓடவிடுவார்.

போன வருஷம் ஆயுத பூஜை முடிந்த கையோடு புதுத் திட்டம் வந்தது. இலக்குக்கு மேல் ஓட்டும் ஒவ்வொரு பீஸுக்கும் ஊக்கத்தொகை. கூடவே இன்னொன்று: முதல் பீஸ் கையெழுத்தை இனி குவாலிட்டி ஆட்கள்தான் போடுவார்கள்.

அண்ணனுக்கு மாசாமாசம் கூடுதலாகக் காசு வந்தது. ஆனால் அரைமணி நேரம் முன்பே வந்து, முந்தின ஷிப்ட்காரரிடம் இன்சர்ட் (டூலின் வெட்டும் முனை) எப்படி இருக்கிறது என்று விசாரிக்கிற மனுஷர், சைரன் அடிக்கும்போது உள்ளே நுழைய ஆரம்பித்தார். ஒருநாள் டூல் தேய்ந்து விட்டம் ஏறிக்கொண்டே போயிருக்கிறது. அவர் நிறுத்தவில்லை. 60 பீஸ் ரிஜெக்ட். ஏன் அண்ணே என்று கேட்டேன். "குவாலிட்டி பாத்துக்கும்னு சொன்னாங்களே தம்பி" என்றார். குரலில் கோபம்கூட இல்லை. அன்று ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

தொலைதூரக் கல்வியில் எம்.பி.ஏ. படித்தபோது ஹெர்ஸ்பெர்க் என்ற பெயரைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்திருந்தேன். அந்தப் பழைய நோட்டை மறுபடி எடுத்தேன். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் வட்டாரத்தில் சுமார் 200 இன்ஜினியர்களையும் கணக்காளர்களையும் உட்காரவைத்து, வேலையில் ரொம்ப நன்றாக உணர்ந்த சமயம் எது, ரொம்ப மோசமாக உணர்ந்த சமயம் எது என்று ஃபிரெடெரிக் ஹெர்ஸ்பெர்க்கும் கூட்டாளிகளும் கேட்டார்கள். 1959இல் அது புத்தகமாக வந்தது. மோசமான நாட்களைச் சொன்னவர்கள் கம்பெனி விதிகள், மேற்பார்வை, சம்பளம், வேலையிடத்து வசதி என்று அடுக்கினார்கள். நல்ல நாட்களுக்கு வந்த காரணங்கள் பெரும்பாலும் வேறு: செய்து முடித்த சாதனை, அதற்குக் கிடைத்த மதிப்பு, வேலையின் சுவை, கையில் இருந்த பொறுப்பு. ஆக, குறையை நீக்கினால் முணுமுணுப்பு அடங்கும். அதனாலேயே வேலையில் பிடிப்பு வந்துவிடாது என்பது அவருடைய வாதம். நாங்கள் அண்ணனுக்கு முதல் பட்டியலிலிருந்து ஒன்றைக் கொடுத்து, இரண்டாவது பட்டியலிலிருந்து ஒன்றைப் பிடுங்கியிருந்தோம்.

ஹெர்ஸ்பெர்க் கேட்டது மேஜை வேலைக்காரர்களை, லேத் ஓட்டுகிறவர்களை இல்லை என்பது எனக்கும் தெரியும். மனுஷன் நல்லது நடந்தால் 'நான் செய்தேன்' என்பான், கெட்டது நடந்தால் அடுத்தவரைக் கைகாட்டுவான், அதுதான் இந்த முடிவில் தெரிகிறது என்று எதிர்த்துச் சொன்னவர்களும் உண்டு. அதில் நியாயம் இருக்கிறது. இருந்தும் எங்கள் பட்டறையில் நடந்ததை இதைவிட நன்றாக விளக்கும் கோட்பாட்டை நான் பார்க்கவில்லை.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். "பணம் ஊக்கம் தராது" என்று ஹெர்ஸ்பெர்க் பெயரைச் சொல்லி சம்பள உயர்வைத் தட்டிக்கழிக்கிற முதலாளிகள் இருக்கிறார்கள். அது அநியாயம். குறைந்த சம்பளம் மனதை நோகடிக்கும் என்பதும் அதே பட்டியலில்தான் இருக்கிறது. தாசரஹள்ளியில் வாடகை கொடுத்து, இரண்டு பிள்ளைகளுக்கு ஃபீஸ் கட்டுகிறவரிடம் பொறுப்பைப் பற்றி மட்டும் பேசக் கூடாது.

மேலதிகாரிகளிடம் பேசினேன், மூன்று வாரம் ஆனது. 10 வருஷத்துக்கு மேல் அனுபவம் உள்ள ஆபரேட்டர்கள் முதல் பீஸுக்குத் தாங்களே கையெழுத்துப் போடலாம், குவாலிட்டி ஆட்கள் நடுநடுவே வந்து சோதிப்பார்கள் என்று முடிவானது. ஊக்கத்தொகையும் அப்படியே தொடர்கிறது. திங்கட்கிழமை அட்டையை அண்ணன் கையில் கொடுத்தேன். ஒன்றும் சொல்லாமல் வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

புதன்கிழமை காலை நான் வருவதற்கு முன்பே லேத் பக்கத்தில் நின்றிருந்தார். கையில் மைக்ரோமீட்டர்.

"இது சரியா அளக்குதான்னு பாக்க கேலிபரேஷனுக்கு அனுப்பி எத்தனை மாசம் ஆச்சு தம்பி? இத வெச்சு எப்படிக் கையெழுத்துப் போடுறது?"