ஃபேன் சுற்றியது, காற்று வரவில்லை: பத்மினி காரின் ஐடில் சூடு தீர்ந்த கதை

நேற்று சாயங்காலம் வடசென்னை கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் 19 நிமிடம் என்ஜினை அணைக்காமல் நின்றேன். இரண்டு சரக்கு ரயில்கள் போயின. முன்னால் தண்ணீர் லாரி, பக்கத்தில் ஷேர் ஆட்டோ, கத்திரி வெயிலின் சூடு தார் ரோட்டிலிருந்து இன்னும் எழும்பிக்கொண்டிருந்தது. டெம்பரேச்சர் முள் 91 டிகிரிக்கு ஏறியது, அங்கேயே நின்றது. கேட் திறந்து வண்டிகள் நகரும்வரை அதைத் தவிர வேறெதையும் நான் பார்க்கவில்லை. பதினான்கு மாதம் இந்தக் கேட்டுக்குப் பயந்து மிண்ட் வழியாகச் சுற்றிப் போனவன் நான். அந்தச் சந்தோஷம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

வண்டி 1989 பிரீமியர் பத்மினி. 1089 சிசி, இரும்பு பிளாக், அலுமினிய ஹெட். டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் போட்டிருக்கிறது. பெல்ட்டில் ஓடும் பழைய விசிறியை முன்பு வைத்திருந்தவரே கழற்றிவிட்டு, ரேடியேட்டருக்குப் பின்னால் மாருதி 800 எலக்ட்ரிக் ஃபேனை மாட்டியிருந்தார். டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு சுவிட்ச், நாம்தான் போட வேண்டும், நாம்தான் அணைக்க வேண்டும். கம்பெனி மீட்டரை நான் நம்புவதில்லை. டிகிரி எண் போட்ட மீட்டர் ஒன்று தனியாக மாட்டியிருக்கிறேன்.

நோய் இதுதான். விடிகாலை எண்ணூர் விரைவுச்சாலையில் 60-ல் போனால் முள் 83-ல் அசையாமல் இருக்கும். அதே வண்டி காசிமேடு பக்கம் ஜீரோ கேட் கண்டெய்னர் லாரி வரிசையில் மாட்டினால் ஆறு நிமிடத்தில் 95, பத்து நிமிடத்தில் 105. மறுபடி நகர்ந்தால் இரண்டு கிலோமீட்டருக்குள் 85-க்கு இறங்கிவிடும். பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு இதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை. ஓடும்போது சூடேறினால் தண்ணீர் ஓட்டம் அல்லது கோர் (ரேடியேட்டரின் குழாய்த் தொகுப்பு) அடைப்பு. நின்றால் மட்டும் சூடேறினால் காற்று. எனக்கும் தெரியும். ஆனால் பானெட்டைத் திறந்தால் ஃபேன் கண்ணெதிரே சுற்றிக்கொண்டிருக்கும். அதனால் ஃபேனை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் நோண்டினேன்.

தெர்மோஸ்டாட்டை (சூடானால் தண்ணீருக்கு வழி திறக்கும் வால்வு) கழற்றிப் பாத்திரத்தில் வெந்நீர் வைத்துப் பார்த்தேன், 82-ல் ஒழுங்காகத் திறந்தது. இருந்தாலும் புதிது போட்டேன். ரேடியேட்டர் கேப் மாற்றினேன். வாட்டர் பம்ப்பைக் கழற்றி சீல், பேரிங் மாற்றினேன். மூலக்கொத்தளம் பக்கம் ஒரு ரேடியேட்டர் பட்டறையில் டேங்கைப் பிரித்து, குழாய்க்குக் குழாய் கம்பி விட்டுக் குத்தி அடைப்பு எடுத்தார்கள். 2,800 ரூபாய். அந்தச் செலவில் எனக்கு வருத்தமே இல்லை. உள்ளேயிருந்து வந்த உப்பைப் பார்த்தால் யாருக்கும் வயிறு எரியும். முன்பு வைத்திருந்தவர் போர் தண்ணீரையே ஊற்றி ஓட்டியிருக்கிறார். நம்ம பக்கத்து போர் தண்ணீரைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம், சோறு வடிக்கவே ஆகாது. தயவுசெய்து யாரும் அதை ரேடியேட்டரில் ஊற்றாதீர்கள். டிஸ்டில்டு வாட்டர் ஐந்து லிட்டர் கேன் வாங்குங்கள், பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்து ஊற்றுங்கள். பித்தளை ரேடியேட்டர் ஒரு முறை பாழானால் இப்போது அதே தரத்தில் புதிது கிடைப்பதில்லை. புதுப்பேட்டையில் விசாரித்துவிட்டேன், பிரித்தெடுத்த பழையதுதான் இருக்கிறது, அதிலும் பாதி ஈயம் பூசி ஒப்பேற்றியவை.

இவ்வளவுக்கும் பிறகு பத்து நிமிடத்தில் 105 என்பது பன்னிரண்டு நிமிடத்தில் 105 என்று ஆனது. அவ்வளவுதான் மாற்றம்.

எங்கள் தெருவில் லேலண்டில் வேலை பார்த்து ரிடையர் ஆன அண்ணன் ஒருவர் இருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பம்ப்பை மறுபடி கழற்றப் போவதைப் பார்த்துவிட்டு வந்தார்.

"இன்னா நைனா, மறுபடியும் பம்ப்பா? ஃபேனைப் பாத்தியா?"

"பாத்தேன் அண்ணே, நல்லாத்தான் சுத்துது."

"சுத்துறது கண்ணுக்குத் தெரியும். காத்து வர்றது தெரியுமா? பேப்பர் எடுத்தா."

தினசரியிலிருந்து ஒரு தாளைப் பாதியாகக் கிழித்து, ஃபேன் ஓடும்போது ரேடியேட்டரின் முன்பக்கத்தில் வைத்தார். ஃபேன் பின்னாலிருந்து இழுப்பதால் தாள் கோரில் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். ஒட்டியது. ஒரு நொடி நின்றது. பிறகு மெதுவாக வழுக்கிக் கீழே விழுந்தது. அண்ணன் ஒன்றும் சொல்லாமல் என்னைப் பார்த்தார்.

மோட்டார் போய்விட்டது என்று நினைத்து, ஃபேன் கனெக்டரைக் கழற்றி பேட்டரியிலிருந்து நேராக இரண்டு தடித்த ஒயரில் கொடுத்தேன். சத்தமே வேறாக இருந்தது. தாள் கோரில் அறைந்து ஒட்டியது, கையால்தான் எடுக்க வேண்டியிருந்தது. மோட்டாருக்கு ஒன்றும் இல்லை. அதற்கு வர வேண்டியது வரவில்லை.

இங்கேதான் எனக்கு ஒரு பழைய கோபம் இருக்கிறது. ஆறு மாதம் முன்பே ஒரு எலக்ட்ரீஷியனிடம் இந்த ஒயரிங்கைக் காட்டினேன். அவர் கனெக்டரைக் கழற்றினார், டெஸ்ட் லேம்ப் வைத்தார், பளிச்சென்று எரிந்தது. மீட்டர் வைத்தார், 12.4 வோல்ட். எர்த் ஒயரில், அதாவது கரண்ட் பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் பக்கத்தில், மீட்டரின் பீப் வைத்துப் பார்த்தார், கத்தியது. "எல்லாம் ஓகே சார்" என்று 300 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். அவர் பார்த்த மூன்று சோதனையும் இந்தப் பழுதைக் காட்டவே காட்டாது.

காரணம், கனெக்டரைக் கழற்றிவிட்டால் ஒயரில் கரண்ட் ஓடாது. கரண்ட் ஓடாத இடத்தில் வோல்ட் குறையாது. தண்ணீர் லாரி ஹோஸ் நடுவில் மடங்கியிருக்கிறது என்று வையுங்கள். முனையை உள்ளங்கையால் அடைத்துப் பிடித்தால் அழுத்தம் முழுசாகத்தான் தெரியும். கையை எடுத்துக் குடத்தில் விட்டால்தான் எவ்வளவு வருகிறது என்பது தெரியும். டெஸ்ட் லேம்ப் பல்ப் இழுப்பது கால் ஆம்பியர்கூட இருக்காது. இந்த ஃபேன் முழுசாக ஓடினால் ஏழு ஆம்பியர் இழுக்கும். பீப் சோதனை அதைவிட மோசம், முப்பது ஓம் இருந்தாலும் பல மீட்டர்கள் கத்தும். இங்கே அரை ஓம் இருந்தாலே ஃபேன் செத்த மாதிரிதான். அரை ஓமை ஓம் ரேஞ்சில் அளக்கவும் வழியில்லை, மீட்டர் ஒயர்களுக்கே 0.2, 0.3 இருக்கும்.

அதனால் கனெக்டரைக் கழற்றாமல், ஃபேன் ஓடும்போதே அளக்க வேண்டும். கனெக்டரின் பின்பக்கம் ஒயர் நுழையும் ஓட்டையில் ஒரு குண்டூசியை உள்ளே இருக்கும் லக்கை (ஒயர் முனையில் அமுக்கிய உலோகத் துண்டு) தொடும்வரை செருகினேன், அதில் முதலைக் கிளிப். இதில் கொஞ்சம் பொறுமை வேண்டும். இரண்டு குண்டூசியும் ஒன்றையொன்று தொட்டால் ஃபியூஸ் போகும், அதனால் ஒவ்வொன்றாகச் செருகினேன். ஒயரின் மேலுறையைக் குத்தாதீர்கள், கடல்காற்று அந்த ஓட்டை வழியாக உள்ளே போகும். பேட்டரிவரை எட்டுவதற்குப் பழைய ஸ்பீக்கர் ஒயரில் மூன்று மீட்டருக்கு நீட்டிப்பு செய்துகொண்டேன். நீட்டிப்பு மெல்லிசாக இருந்தாலும் பரவாயில்லை, அதில் மீட்டரின் துளிக் கரண்ட்தான் ஓடும். பேட்டரி முனையில் வைக்கும்போது கிளாம்ப்பில் வைக்காமல் நடுவில் இருக்கும் ஈயக் கட்டையிலேயே வையுங்கள். கிளாம்ப்புக்கும் கட்டைக்கும் நடுவிலேயே பழுது இருக்கலாம்.

என்ஜின் ஐடிலில், ஃபேன் ஓடும்போது வந்த அளவுகள்: பேட்டரியில் 13.4 வோல்ட். ஃபேன் கனெக்டரில் 8.2. வழியில் 5.2 வோல்ட் காணாமல் போகிறது. பாஸிடிவ் பக்கம் பேட்டரி கட்டையிலிருந்து ஃபேன்வரை 0.9. எர்த் பக்கம் 4.3. எர்த் பக்கம் 0.2-க்குமேல் இருந்தாலே நான் பிரித்துப் பார்ப்பேன். கரண்ட்டை அளந்தால் ஐந்து ஆம்பியர்தான். 4.3 வோல்ட்டை ஐந்து ஆம்பியரால் பெருக்கினால் 21 வாட், அத்தனையும் ஏதோ ஒரு இடத்தில் வெறும் சூடாகப் போகிறது. அந்த இடத்தை விரலாலேயே கண்டுபிடித்தேன். ஹெட்லைட்டுக்குப் பின்னால் எர்த் ஒயர் பாடியில் போல்ட் ஆகும் இடம், தொட்டால் சுட்டது.

ஆனாலும் விரலை நம்பி நிறுத்தாமல் படிப்படியாகப் போனேன். மீட்டரின் கறுப்பு ஒயர் பேட்டரி நெகடிவ் கட்டையில். சிவப்பைப் பாடித் தகட்டில் சுரண்டி வைத்தால் 0.1. ஒயர் முனையில் இருக்கும் வளைய லக்கில் 1.7. லக்கைத் தாண்டி ஒயரின் செம்பில் 4.3. ஆக லக்குக்கும் பாடிக்கும் நடுவில் 1.6, லக்குக்கும் ஒயருக்கும் நடுவில் 2.6.

போல்ட்டைக் கழற்றினால், அடியில் பெயின்ட். வண்டிக்கு முன்பக்கம் டிங்கரிங் பார்த்து பெயின்ட் அடித்தவர்கள் அதன்மேலேயே லக்கை வைத்து முறுக்கியிருக்கிறார்கள். இத்தனை நாள் கரண்ட் போனது போல்ட்டின் மரை வழியாக மட்டும்தான், அதிலும் துரு. உப்புத்தாளால் இரும்பு பளபளக்கும்வரை தேய்த்து, பல் வைத்த வாஷர் போட்டு முறுக்கினேன். 1.6 என்பது 0.1-க்கும் கீழே போனது.

மறுபடி ஃபேனை ஓடவிட்டு லக்குக்கும் ஒயருக்கும் நடுவில் வைத்தால் 2.6 இருந்தது 2.9 ஆகியிருக்கிறது! கொஞ்ச நேரம் எதையோ கெடுத்துவிட்டேன் என்றே நினைத்தேன். பிறகுதான் புரிந்தது. ஒரு தடை போனதும் கரண்ட் ஐந்திலிருந்து ஐந்தரைக்குமேல் ஏறிவிட்டது. மிச்சமிருக்கும் தடையில் அதனால் வோல்ட் கூடத்தான் செய்யும். இந்த இடத்தில் எண் ஏறினால் நாம் சரியான பாதையில் போகிறோம் என்று அர்த்தம்.

லக்கை வெட்டி எடுத்துப் பிரித்தேன். உள்ளே பச்சைக் களிம்பு, மாவு மாதிரி உதிர்ந்தது. ஒயரின் மேலுறையை உரிக்க உரிக்க செம்பு கறுப்பாகவே இருந்தது. வெளியே பார்த்தால் புது ஒயர் மாதிரி இருக்கும். வண்டி நிற்கும் இடத்திலிருந்து கடல் நடக்கும் தூரம். எங்கள் வீட்டு ஜன்னல் கம்பி மூன்று வருடத்துக்கு ஒரு முறை பெயின்ட் கேட்கும், இந்த ஒயருக்கு மட்டும் எப்படி விலக்கு இருக்கும்? கிட்டத்தட்ட 12 சென்டிமீட்டர் வெட்டிப் போட்ட பிறகுதான் சிவந்த செம்பு வந்தது.

வெள்ளீயம் பூசிய செம்பு லக் 12 ரூபாய். மலிவான லக்குகளில் சில இரும்பில் முலாம் பூசியவை, காந்தம் வைத்தால் ஒட்டும், அவற்றை வாங்காதீர்கள். நல்ல கிரிம்பிங் (லக்கை ஒயரில் அமுக்குவது) கட்டிங் பிளேயரில் வராது, அதற்கென்று இருக்கும் டூலை ரிச்சி தெருவில் வாங்கி வந்தேன், இத்தனை நாள் வாங்காமல் இருந்தது தப்பு. அமுக்கிய பிறகு வாய்ப் பக்கம் மட்டும் துளி ஈயம் வைத்தேன். உள்ளே பசை இருக்கும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டு, போல்ட் முறுக்கியபின் மேலே வாஸ்லின். அடியில் தடவக் கூடாது, மேலே மட்டும்.

இப்போது எர்த் பக்கம் 0.1. ஃபேனில் 12 வோல்ட். கரண்ட் ஏழு ஆம்பியர் தாண்டுகிறது. தாள் ஒட்டினால் விழுவதில்லை. அண்ணன் வந்து தானே ஒரு முறை தாளை வைத்துப் பார்த்துவிட்டு, "இப்ப போ, கேட்ல போய் நில்லு" என்றார்.

வேலை இன்னும் முடியவில்லை. பாஸிடிவ் பக்கம் 0.9 இருந்தது இப்போது 1.3 ஆகியிருக்கிறது, அதே கணக்குதான். ஃபேனின் மொத்தக் கரண்ட்டும் ஃபியூஸ் பாக்ஸிலிருந்து டேஷ்போர்டு சுவிட்ச்வரை போய் மெல்லிய ஒயரில் திரும்பி வருகிறது. அந்த சுவிட்ச்சும் லேசாகச் சுடுகிறது. ரிலே வாங்கிவிட்டேன், சின்னக் கரண்ட்டில் பெரிய கரண்ட்டை ஆன் செய்யும் சுவிட்ச் அது. பேட்டரியிலிருந்து 20 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக ரிலேயின் 30-ம் எண் முனைக்கு, 87-லிருந்து ஃபேனுக்கு, சுவிட்ச் 86-க்கு மட்டும். ரிலேயின் 85 எர்த்தை இந்தப் போல்ட்டில் சேர்க்காமல் தனியாகக் கொண்டுபோகப் போகிறேன். அப்படியே 92-ல் ஆன், 87-ல் ஆஃப் ஆகும் தெர்மோ சுவிட்ச் ஒன்றை ரேடியேட்டரில் வைக்க ஆசை. அதற்கு டேங்கில் மரை வைத்த புஷ் பற்ற வைக்க வேண்டும், மூலக்கொத்தளம் பட்டறைக்காரர் செய்துதருவதாகச் சொல்லியிருக்கிறார். மறந்து ஃபேனைப் போடாமல் அலுமினிய ஹெட்டை வளைத்துக்கொள்ளும் பயம் அதோடு போகும்.

அதற்கு முன்னால் ஷ்ரௌட், அதாவது ஃபேனுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் மூடும் தகட்டுக் கூடு. வட்டமான ஃபேன் சதுர ரேடியேட்டரின் நடுவில் மட்டும் இழுக்கிறது, நான்கு மூலையிலும் தாள் வைத்தால் இன்னமும் நிற்பதில்லை. நேற்று ராத்திரி டிவி வந்த அட்டைப்பெட்டியை வெட்டி அளவு எடுத்துவிட்டேன். கோருக்கும் பிளேடுக்கும் நடுவில் மூன்று விரல் இடைவெளி வருகிறது. ஞாயிற்றுக்கிழமை புதுப்பேட்டையில் தகடு பார்க்கப் போகிறேன், கிடைத்தால் அலுமினியம், இல்லாவிட்டால் ஜிஐ ஷீட்.