மேட்டூர்த் தண்ணீர் பச்சையாகும் முன் எதை அளப்பது?

அணையில் பாசி படர்ந்து நாறிய பிறகு மாதிரி எடுப்பது தாமதம். முதலில் பாசிக்குத் தீனியான பாஸ்பரஸ். ஆண்டுச் சராசரி லிட்டருக்கு 35 மைக்ரோகிராமைத் தாண்டினால் சத்து மிகுந்த நீர் என்பது ஓஇசிடி (OECD, பொருளாதார ஒத்துழைப்புக்கான பன்னாட்டு அமைப்பு) கணக்கு. அது பெரும்பாலும் குளிர்நாட்டு ஏரிகளை வைத்துப் போட்டது; நம்ம வெயிலுக்கு அப்படியே பொருந்தாது.

அடுத்து நீரின் தெளிவு. அதை அளக்கும் செக்கி தட்டை (20 செ.மீ., கறுப்பு வெள்ளை) படகின் நிழல் பக்கம் இறக்குங்கள். மறையும் ஆழம், இழுக்கையில் மறுபடி தெரியும் ஆழம், இரண்டுக்கும் சராசரி. புதுவெள்ளத்தில் வண்டல் கலங்கினாலும் தட்டு சீக்கிரம் மறையும். பாசியா சேறா என்று குளோரோபில் (பாசியின் பச்சை நிறமி) பார்த்தால்தான் தெரியும்.

மாதிரி எடுக்கும் புட்டியை சோப்புத்தூளில் கழுவினால் போச்சு, அதிலுள்ள பாஸ்பேட்டையும் சேர்த்து அளப்பீர்கள். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அலசுங்கள்.

அடித்தண்ணீரையும் எடுங்கள். அங்கே ஆக்சிஜன் தீர்ந்தால் சேற்றில் இரும்போடு ஒட்டியிருந்த பாஸ்பரஸ் கழன்று வரும். மேலே கழிவு வருவது நின்றாலும் பாசிக்குத் தீனி தொடரும்.