ஹாஸ்டல் முகவரியில் வாக்காளர் பட்டியலில் ஏறிய கதை

ஊர் சங்கரன்கோவில், படிப்பு கோயம்புத்தூர், இருப்பது ஹாஸ்டல். 2023 தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தபோது வோட்டர் ஹெல்ப்லைன் ஆப்பில், புதிதாகப் பெயர் சேர்க்கும் படிவம் 6-ஐ நிரப்பி, ஆதாரையும் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டையும் ஏற்றிவிட்டு, வேலை முடிந்தது என்று கிளம்பிவிட்டேன். இரண்டு வாரம் கழித்து பி.எல்.ஓ. (விண்ணப்பத்தை நேரில் வந்து சரிபார்க்கும் வாக்குச்சாவடி நிலை அலுவலர்) வீட்டுக்கு வந்திருக்கிறார். வேறு யாரும் இல்லை, எங்கள் தெரு அங்கன்வாடி டீச்சர்தான். "பாப்பா எங்க?" என்று கேட்டதும் அம்மா பெருமையாக, "அவ இங்க இல்லியே டீச்சர், கோயம்புத்தூர்ல காலேஜ் படிக்கா" என்று சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான். முகவரியில் வசிக்கவில்லை, விண்ணப்பம் நிராகரிப்பு.

அப்புறம் உட்கார்ந்து படித்தபோதுதான் தெரிந்தது, ஹாஸ்டலில் இருக்கும் மாணவர்கள் பெற்றோர் வீட்டு முகவரியிலும் சேரலாம், ஹாஸ்டல் முகவரியிலும் சேரலாம், அது நம் விருப்பம், ஆனால் இரண்டில் ஒன்றில்தான் பெயர் இருக்க வேண்டும். அம்மா "படிக்கப் போயிருக்கா, லீவுக்கு இங்கதான் வருவா" என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். மறுபடி ஊரிலேயே போட்டிருக்கலாம்தான். ஆனால் தேர்தல் செமஸ்டர் சமயத்தில் வரும், ஒரு ஓட்டுக்காகப் போக ஒரு ராத்திரி பஸ், வர ஒரு ராத்திரி பஸ். சரி, ஹாஸ்டலே இருக்கட்டும் என்று முடிவு செய்தேன்.

ஹாஸ்டல் முகவரிக்குக் கரண்ட் பில்லா காட்ட முடியும்? அதற்குப் பதிலாகக் கல்லூரி ஓர் உறுதிச் சான்று தர வேண்டும். நான் வார்டனிடம் கையெழுத்து வாங்கி நான்கு நாள் வீணடித்தேன். வார்டன் கையெழுத்து போதாது. முதல்வரோ பதிவாளரோ டீனோ போட வேண்டும், அதற்குத் தேர்தல் ஆணையத்தின் மாதிரிப் படிவமும் இருக்கிறது. ஆபீஸில் போய் நின்றால், "போனஃபைடு எதுக்கும்மா, பாஸ்போர்ட்டுக்கா, ஸ்காலர்ஷிப்புக்கா?" என்றார்கள். ஓட்டுக்கு என்றேன். ஆபீஸே சிரித்தது.

பிப்ரவரியில் மறுபடி விண்ணப்பித்தேன். பி.எல்.ஓ. சரிபார்க்க வந்த நேரம் நான் லேபில், போன் பையில். வாட்ச்மேன் அவரை கேட்டிலேயே நிறுத்திவிட்டார், பெண்கள் ஹாஸ்டல் ஆயிற்றே. மூன்று மிஸ்டு கால். பதறிப்போய்த் திரும்ப அழைத்தால், "ஹாஸ்டல் பிள்ளைங்கன்னாலே இதே பாடுதான், நாளைக்கு சாயங்காலம் கேட்டுக்கு வந்து நில்லு" என்றார். நின்றேன். மார்ச் கடைசியில் பட்டியலில் பெயர் வந்தது.

வாக்காளர் அடையாள அட்டை மட்டும் வரவில்லை. பரவாயில்லை, பட்டியலில் பெயர் இருந்தால் ஆதார், பான், டிரைவிங் லைசன்ஸ், பாஸ்போர்ட், போட்டோ ஒட்டிய பேங்க் பாஸ்புக் என்று ஆணையம் சொன்ன மாற்று ஆவணங்களில் ஒன்று போதும். கல்லூரி ஐடி கார்டு அதில் கிடையாது. அரசு ஊழியரின் ஐடி செல்லும், எங்களுடையது செல்லாது! இதைத் தெரியாமல் என் ரூம்மேட் மக்களவைத் தேர்தல் நாளான 2024 ஏப்ரல் 19 அன்று கழுத்தில் ஐடி கார்டைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்தாள், கையில் பூத் ஸ்லிப். ஸ்லிப்பும் அடையாள ஆவணம் இல்லை என்று அதிலேயே அச்சிட்டிருந்தது, யார் படித்தார்கள்? ஆதார் போனில் இருக்கிறது என்றாள், போனை உள்ளே விடவில்லை. கோயம்புத்தூர் வெயிலில் ஹாஸ்டலுக்குத் திரும்பி நடந்து, பெட்டியைக் குடைந்து ஆதாரை எடுத்து வந்து ஓட்டுப் போட்டாள். வேறு இரண்டு பேர் அப்படியே மெஸ்ஸுக்குப் போய்விட்டார்கள்.

என் கார்டு ஜூனில் வந்தது, நான் லீவில் ஊரில் இருந்தபோது. வாட்ச்மேன் அண்ணன் வாங்கி டிராயரில் வைத்திருந்தார். படிப்பு முடிந்ததும் படிவம் 8 போட்டு ஊருக்கு மாற்ற வேண்டும். டீச்சர் வந்து கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று அம்மாவுக்கு இப்போதே சொல்லி வைத்துவிட்டேன்.