அம்மா இல்லாத இரவுகளுக்கும் டிக் போட்டிருந்தார்கள்

பக்கவாதம் வந்ததிலிருந்து அம்மாவால் தானாகப் புரண்டு படுக்க முடியாது. வேறு வழியில்லாமல்தான் பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தோம். ஏழாவது மாதம் ஒருநாள் உடை மாற்றிவிடும்போது, வால் எலும்புக்கு மேலே கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு சிவப்பைப் பார்த்தேன். அழுத்தி எடுத்தால் தோல் வெளுக்க வேண்டும், வெளுக்கவில்லை. படுக்கைப் புண்ணின் முதல் நிலையே அதுதான் என்று அன்று எனக்குத் தெரியாது. "வயசானா இதெல்லாம் சகஜங்க" என்றார் நர்ஸ். நம்பினேன். மூன்றே வாரத்தில் அந்த இடம் குழி விழுந்துவிட்டது.

யோசித்தால் எல்லாம் முன்பே கண்ணில் பட்டதுதான். கைக்கு எட்டாத மேசையில் மூடி திறக்காத தண்ணீர் ஜாடி. வெடித்த உதடு. கழன்று விழும் மோதிரம். எந்த நேரம் போனாலும் தூக்கக் கலக்கம். மேல்கையில் விரல் பதிந்த மாதிரி கன்றிய தடம். ஒரு பணியாளர் உள்ளே வந்தால் மட்டும் அம்மா பேச்சை நிறுத்திவிடுவார். ஒவ்வொன்றுக்கும் ஒரு சமாதானம் சொன்னார்கள், நானும் ஒவ்வொன்றாகவே கேட்டுத் தலையாட்டினேன். அதை நினைத்தால் இன்னும் நெஞ்சு அடைக்கிறது.

சண்டையை ஒத்திவைத்து, முதலில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். புண்ணின் நீளம், அகலம், ஆழம், எந்த நிலை என்பதையெல்லாம் கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லிக் கேட்டேன். மூன்றாம் நிலை, அதாவது தோலைத் தாண்டி உள்ளே இறங்கிய புண் என்று எழுதினார் டாக்டர். பக்கத்தில் அளவுகோலை வைத்துப் படம் எடுத்தேன். கையில் இருந்த தடத்தையும் எடுத்தேன். அன்றிலிருந்து ஒரு நோட்டு: தேதி, நேரம், யார், என்ன சொன்னார்கள். பிறகு வக்கீல் படங்களைவிட அந்த நோட்டைத்தான் அதிக நேரம் புரட்டினார்.

அதுவரை வாயால் இரண்டு முறை புகார் சொல்லியிருந்தேன். அதற்கு ஒரு தடயமும் இல்லை. மூன்றாவதை எழுத்தில் கொடுத்து, நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்கினேன். உரிமம் தரும் அதிகாரிக்கு ஒரு பிரதி. கையில் இருந்த தடத்துக்குத் தனியாகப் போலீஸ் புகார், ஏனென்றால் கவனிப்புக் குறைவு வேறு, அடிப்பது வேறு. இல்லத்தில் "புகார் எதுவும் இல்லை" என்று ஒரு தாளை நீட்டினார்கள். "வக்கீல் பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டேன்" என்றேன். நல்லவேளை. வழக்குப் போட ஒரு காலக்கெடு உண்டு, நாளைக் கடத்தாதீர்கள் என்று வக்கீலும் முதல் நாளே சொல்லிவிட்டார்.

அவர் சொன்னபடி அம்மாவின் பராமரிப்புப் பதிவுகளின் நகலை எழுத்தில் கேட்டேன். எடைப் பதிவு, மருந்துத் தாள், அப்புறம் புரட்டிப் படுக்க வைக்கும் அட்டவணை. இரண்டு தடவை இழுத்தடித்துவிட்டு, வக்கீல் நோட்டீஸ் போன பிறகு தந்தார்கள். 2 மணி நேரத்துக்கு ஒருமுறை இடது, வலது என்று வரிசையாக டிக். இரவும் பகலும் ஒரே பேனா, ஒரே சுருக்கொப்பம். மனிதர் தூங்கவே இல்லையா என்று பார்த்துக்கொண்டே வந்தவள், கடைசி இரண்டு வரிசையில் நின்றேன். அந்த இரண்டு இரவும் அம்மா ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தார், பக்கத்தில் நான் இருந்தேன். அங்கேயும் இடது, வலது, டிக்.

அதற்கப்புறம் அதிகாரிகள் சொல்லாமல் கொள்ளாமல் சோதனைக்குப் போனார்கள். இன்னும் இரண்டு பேருக்குப் புண் இருந்தது.

அம்மா இப்போது வேறு இல்லத்தில் இருக்கிறார். புண் ஆற ஐந்து மாதமானது. நேரம் சொல்லாமல்தான் போகிறேன். போனதும் முதலில் போர்வையை விலக்கி முதுகைப் பார்க்கிறேன். வழக்கு நடக்கிறது. அடுத்த வாய்தாவில் அந்த இரண்டு இரவுகளைப் பற்றித்தான் என்னை விசாரிக்கப்போகிறார்கள்.