தடயவியல் மருத்துவ பிராக்டிகல்: விஸ்ரா, கழுத்து, மண்டையோடு

பூச்சிமருந்து, அரளி விதை, ஒடுவந்தழை என நச்சு மரணங்கள் வேலூர் வட்டாரப் பிணவறைகளுக்கு வந்துகொண்டேதான் இருக்கின்றன. ஆகவே இங்கே எம்பிபிஎஸ் படிப்பவர்கள் விஸ்ராவிலிருந்து, அதாவது நச்சுப் பரிசோதனைக்காகப் பிணத்திலிருந்து எடுத்து அனுப்பும் உள்ளுறுப்புகளிலிருந்து, தொடங்குவது நல்லது. வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) அதைத் தொடாமல் விடமாட்டார்கள்.

அளவைக் காரணத்தோடு சேர்த்துப் படியுங்கள். இரைப்பை முழுதாகவும், சிறுகுடலின் மேற்பகுதி சுமார் 30 செ.மீ.யும், உள்ளிருப்பவற்றோடு ஒரு பாட்டிலில். பித்தப்பையுடன் கல்லீரல் 500 கிராம், இரு சிறுநீரகங்களிலும் பாதிப் பாதி இன்னொரு பாட்டிலில். ஒரு சிறுநீரகம் செயலிழந்திருக்கலாம் என்பதால்தான் இரண்டிலும் எடுக்கிறோம். கல்லீரலை நறுக்கிப் போடாவிட்டால் உறுப்பைக் கெடாமல் காக்கும் பதப்பொருள் உள்ளே இறங்காது. அழுகும்போது வாயு உண்டாகும் என்பதால் பாட்டிலில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது. ரத்தம் 10 முதல் 20 மி.லி., தொடைச் சிரையிலிருந்து. நெஞ்சறையில் தேங்கியதை அள்ளினால் இரைப்பையிலிருந்து கசிந்தது கலந்திருக்கும்.

உறுப்புகளுக்கு நிறைவுற்ற உப்புக் கரைசல்தான் வழக்கம். மலிவு, எந்த தாலுகா மருத்துவமனையிலும் கிடைக்கும். அமில நச்சு என்றால் ஸ்பிரிட், அதிலும் கார்பாலிக் அமிலத்துக்கு மட்டும் உப்புக் கரைசலே. மது சந்தேகம் இருந்தால் ஸ்பிரிட்டைத் தொடவே கூடாது. ஃபார்மலின் திசுப் பரிசோதனைக்கு மட்டும். அதில் ஊறிய உறுப்பிலிருந்து நச்சைப் பிரித்தெடுப்பது கடினம். ரத்தத்துக்கு மி.லி.க்கு 10 மி.கி. சோடியம் ஃபுளோரைடு. பயன்படுத்திய பதப்பொருளின் மாதிரியும் தனியாகப் போக வேண்டும். பலர் மறப்பது இதைத்தான்.

ஒடுவந்தழையில் உறுப்புகளை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. இரைப்பையில் இலைத் துணுக்கு இருக்கிறதா என்று தேடுங்கள், மருத்துவமனைச் சிகிச்சைக் குறிப்பான கேஸ் ஷீட்டையும் வாங்கிப் படியுங்கள். உயிரோடு இருந்தபோது பொட்டாசியம் குறைந்து, ரத்தத்தில் அமிலத்தன்மை ஏறியிருந்தால் அது பெரிய துப்பு. இறந்தபின் ரத்தத்தில் பொட்டாசியம் தானாகவே ஏறிவிடும். அப்போது அளந்து பயனில்லை.

தூக்கு கேஸில் மூளையையும் நெஞ்சறை உறுப்புகளையும் எடுத்து, ரத்தம் வடிந்தபிறகே கழுத்தை அடுக்கடுக்காகப் பிரிக்க வேண்டும். முதலிலேயே கழுத்தைத் திறந்தால் சிரைகளிலிருந்து கசியும் ரத்தம் காயம்போலத் தெரிந்து, தூக்கை நெரிப்பு என்று எழுத வைத்துவிடும். மண்டையோட்டை ரம்பத்தால் அறுப்பதே முறை. உளியும் சுத்தியலும் மட்டுமே உள்ள இடங்களில் புது விரிசல் விழும். அதன் விளிம்பில் ரத்தம் ஊறியிருக்காது என்பதை வைத்து வேறுபடுத்துங்கள்.

இறந்த நேரம் கேட்டால் குளிர்நாட்டு நூல்களின் கணக்கை அப்படியே ஒப்பிக்காதீர்கள். கத்திரி வெயிலில் வலது அடிவயிற்றில் பச்சை நிறம் 12 முதல் 18 மணி நேரத்துக்குள் வந்துவிடும், உடல் விறைப்பும் சீக்கிரம் தளரும். உடல் குளிர்பெட்டியில் எத்தனை மணி நேரம் இருந்தது என்பதைக் குறிக்காமல் எந்தக் கணக்கும் நிற்காது.

பழைய வினாத்தாளில் குற்றவியல் நடைமுறைச் சட்டம் (சிஆர்பிசி) 174 என்று இருக்கும் பிரேத விசாரணைப் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பிஎன்எஸ்எஸ் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) சட்டத்தில் 194. விஸ்ரா அனுப்பிய கேஸில் மரணக் காரணத்தை ஊகித்து எழுத வேண்டாம். ரசாயனப் பரிசோதனை அறிக்கை வரும்வரை கருத்து நிறுத்திவைக்கப்பட்டுள்ளது என்று எழுதி, முத்திரையிட்ட பாட்டில்களைக் காவலரிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள்.